கையை விட்டுப் பறக்காத புறா, தோல் கிழியாமல் நொறுங்கிய தர்பூசணி: டிவியில் வந்த 'தை சி' மாஸ்டர் சில நொடிகளில் வீழ்ந்தது ஏன்?

ஒருவர் உள்ளங்கையை விரித்து நீட்டுகிறார். அதன் மேல் ஒரு புறா. அவர் விரலை மடக்கிப் பிடிக்கவில்லை. ஆனாலும் புறா பறக்கவில்லை. அவருடைய கையில் இருக்கும் 'உள் சக்தி'தான் அதைப் பறக்கவிடாமல் வைத்திருக்கிறது என்கிறார்கள். இன்னொரு காட்சியில் அதே மனிதர் ஒரு தர்பூசணியின் மேல் கையை இறக்குகிறார். தோலில் கீறல்கூட இல்லை. வெட்டிப் பார்த்தால் உள்ளே சதை நொறுங்கிக் கிடக்கிறது.

சீனாவின் அரசுத் தொலைக்காட்சி 2015-ல் ஒளிபரப்பிய காட்சிகள் இவை. அந்த மனிதரின் பெயர் வெய் லெய். இரண்டே ஆண்டுகளில் அவர் மறுபடியும் உலகம் முழுக்கப் பேசப்பட்டார். இந்த முறை காரணம் வேறு. ஒரு எம்.எம்.ஏ. வீரருடன் மோதி, அரை நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாமல் தரையில் கிடந்தார்.

அப்படியென்றால் டிவியில் பார்த்தது பொய்யா? தற்காப்புக் கலைப் பள்ளிகள் காட்டும் வித்தைகளுக்குப் பின்னால் இருப்பது என்ன? ஓடு உடைப்பது, காரைக் கை மேல் ஏற்றுவது இதெல்லாம் எப்படி முடிகிறது? விரிவாகப் பார்ப்போம்.

யார் இந்த வெய் லெய்?

தை சி என்பது சீனாவின் பழமையான தற்காப்புக் கலைகளில் ஒன்று. பூங்காக்களில் வயதானவர்கள் மெதுவாகக் கையை அசைத்துக்கொண்டு பயிற்சி செய்வதைப் படங்களில் பார்த்திருப்போம், அதுதான். சென், யாங், வூ என்று இதில் பல மரபுகள் உண்டு. வெய் லெய் நடத்தியது அவரே தொடங்கிய ஒரு தனிப் பள்ளி. தன் பாணிக்கு 'இடி' என்று பொருள்படும் பெயரையே வைத்திருந்தார்.

சைனா சென்ட்ரல் டெலிவிஷன், சுருக்கமாக சிசிடிவி, சீன அரசின் தொலைக்காட்சி (நம்ம ஊர் கண்காணிப்பு கேமரா இல்லை). அதில் 'உண்மையான குங்ஃபூ' பற்றி ஒரு நிகழ்ச்சி வந்தது. நாடெங்கும் உள்ள குங்ஃபூ ஆசான்களைத் தேடிப்போய் அவர்களின் திறமையைப் படம் பிடிப்பதுதான் நிகழ்ச்சியின் வடிவம். அதில் ஒருவராக வெய் லெய் வந்தார். புறாவும் தர்பூசணியும் அங்கேதான் நாடறிந்தன.

இங்கே ஒரு விஷயம் முக்கியம். ஒருவர் தன் பள்ளியின் வாசலில் வித்தை காட்டுவதற்கும், நாட்டின் அரசுத் தொலைக்காட்சி அதை ஒளிபரப்புவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பார்ப்பவர்கள் "டிவிக்காரங்க சரிபார்க்காமலா போடுவாங்க?" என்று நினைப்பார்கள். வித்தைக்கு ஒரு முத்திரை விழுந்துவிடுகிறது.

புறாவுக்கும் தை சிக்கும் என்ன சம்பந்தம்?

புறா வித்தை வெய் லெய் கண்டுபிடித்தது இல்லை. தை சியின் யாங் மரபைத் தொடங்கிய யாங் லுசான் 19-ம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அவர் உள்ளங்கையில் ஒரு சிட்டுக்குருவி நின்றால் அதனால் பறக்க முடியாது என்று ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

கதைக்குள் ஒரு நுட்பமான கருத்து இருக்கிறது. பறவை சும்மா சிறகை அடித்து மட்டும் கிளம்புவதில்லை. நிற்கும் இடத்தைக் கால்களால் உந்தித் தள்ளித்தான் எழும்புகிறது. குருவி உந்தும் அதே கணத்தில் ஆசான் தன் கையை அதே அளவு தாழ்த்திவிடுவாராம். உந்துவதற்குப் பிடிமானம் கிடைக்காமல் குருவி கையிலேயே நின்றுவிடுமாம். எதிராளியின் விசையை எதிர்க்காமல், அதை உணர்ந்து வளைந்து கொடுப்பதுதான் தை சியின் அடிப்படைக் கொள்கை. அதை விளக்கச் சொல்லப்பட்ட கதை இது. கதையாகப் பார்த்தால் அழகானது. அதையே நிஜ சாதனையாக டிவியில் காட்டும்போதுதான் கேள்விகள் வருகின்றன.

2017 ஏப்ரல் 27: செங்டுவில் நடந்தது என்ன?

சூ சியாவ்டோங் பெய்ஜிங்கைச் சேர்ந்த எம்.எம்.ஏ. வீரர், பயிற்சியாளர். எம்.எம்.ஏ. என்றால் குத்து, உதை, மல்லுக்கட்டு எல்லாம் கலந்த சண்டை விளையாட்டு. மரபுக் கலைகளின் பெயரில் பலர் ஏமாற்றிப் பணம் பார்க்கிறார்கள் என்று சமூக வலைதளங்களில் காரசாரமாகப் பேசிவந்தார் சூ. "முடிந்தால் வந்து மோதிப் பாருங்கள்" என்பது அவரது சவால். வெய் லெய்யுடன் இணையத்தில் தொடங்கிய வாய்ச்சண்டை முற்றி நேரடி மோதலில் முடிந்தது.

சிச்சுவான் மாகாணத்தின் தலைநகர் செங்டுவில் 2017 ஏப்ரல் 27 அன்று இருவரும் மோதினார்கள். வெய் லெய் பழைய குங்ஃபூ படங்களில் வருவதுபோல் கையை முன்னால் நீட்டி நின்றார். சூ ஒரு சுற்று நகர்ந்து, நெருங்கி, குத்தத் தொடங்கினார். வெய் லெய் பின்வாங்கிக் கீழே விழுந்தார். சூ மேலே விழுந்து குத்த, நடுவர் தடுத்து நிறுத்தினார். வீடியோவைப் போட்டுப் பார்க்க ஆகும் நேரம் ஒரு கொட்டாவி விடும் நேரம்தான்.

அந்த வீடியோ சீனாவில் தீயாகப் பரவியது. 'குங்ஃபூ என்பதே பொய்யா?' என்று நாடே விவாதித்தது. மரபுக் கலையின் மானத்தைக் காப்பாற்றும் வகையில் சூவை வெல்பவருக்கு 1 கோடி யுவான் தருவதாக ஒரு தொழிலதிபர் அறிவித்தார்.

ஜெயித்தவருக்கு என்ன ஆனது?

இந்தக் கதையில் பலரும் எதிர்பார்க்காத பகுதி இது. தோற்றவரை விட ஜெயித்தவருக்குத்தான் சிக்கல் அதிகம் வந்தது.

சீன வூஷு சங்கம் இந்தச் சண்டையைக் கண்டித்தது. தற்காப்புக் கலையின் அறத்துக்கு இது எதிரானது என்றது. சூவின் வெய்போ கணக்கு முடக்கப்பட்டது. (வெய்போ என்பது எக்ஸ் தளம் போன்ற சீன சமூக வலைதளம்.) அவர் விடவில்லை. 2018-ல் விங் சுன் கலைஞர் ஒருவருடனும், 2019 தொடக்கத்தில் வர்மப்புள்ளி நிபுணர் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒருவருடனும் மோதினார். இரண்டிலும் அவர் கைதான் ஓங்கியிருந்தது.

ஆனால் தை சியின் சென் மரபைச் சேர்ந்த மூத்த ஆசான் சென் சியாவ்வாங்கைப் பற்றி அவர் பேசியது வழக்காக மாறியது. சூ அவரை அவமதித்தார் என்று தீர்ப்பளித்த நீதிமன்றம், மன்னிப்புக் கேட்கவும் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. தீர்ப்பை நிறைவேற்றாதவர்கள் மீது சீனாவில் விதிக்கப்படும் கட்டுப்பாடுகள் அவர் மீதும் பாய்ந்தன. விமானத்துக்கோ அதிவேக ரயிலுக்கோ டிக்கெட் எடுக்க முடியாத நிலை. 2019-ல் சின்ஜியாங் பகுதியில் நடந்த ஒரு சண்டைக்குச் சாதாரண ரயிலில் ஒரு நாளுக்கும் மேலாகப் பயணம் செய்து போனார். முகம் தெரியாதபடி சாயம் பூசிக்கொண்டு மேடை ஏறினார்.

சூவின் பேச்சு நாகரிகமானதா என்பது தனிக் கேள்வி. அவரை ஆதரித்தவர்களிலேயே பலருக்கு அவர் வாய் பிடிக்காது. ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. அரசுத் தொலைக்காட்சி சோதிக்காமல் விட்டதை அவர் சோதித்தார். அதற்கான விலையையும் அவரே கொடுத்தார்.

அப்போ புறா, தர்பூசணி எல்லாம் பொய்யா?

அன்று படப்பிடிப்பில் என்ன நடந்தது என்பதை வீடியோவை மட்டும் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. ஆனால் 'உள் சக்தி' இல்லாமலே இவை நடக்க வழி இருக்கிறதா என்று கேட்கலாம். இருக்கிறது.

முதலில் புறா. மனிதக் கைக்குப் பழகிய புறா, விட்டாலும் உடனே பறந்துவிடாது. வீட்டில் புறா வளர்ப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கையில், தோளில், தலையில் என்று அதுபாட்டுக்கு உட்கார்ந்திருக்கும். பறக்க விருப்பமில்லாத பறவைக்கும் பறக்க முடியாத பறவைக்கும் உள்ள வித்தியாசம் கேமராவில் தெரியாது.

அடுத்தது தர்பூசணி. பழத்தின் தோல் தடித்தது, ஓரளவு வளைந்து கொடுக்கும். உள்ளே இருக்கும் சதை நீர் நிறைந்தது, எளிதில் நொறுங்கும். அதிர்ச்சி கிடைத்தால் தோல் தாங்கிக்கொள்ளும், சதை தாங்காது. லாரியில் லோடு ஏற்றி இறக்கும்போது பழத்தை வீசிப் போடக் கூடாது என்று வியாபாரிகள் கத்துவது இதனால்தான். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், வெட்டினால் உள்ளே குழைந்திருக்கும். இது போதாதென்று, அடியே படாமல் செடியிலேயே உள்ளே வெடிப்பு விடும் தர்பூசணிகளும் உண்டு.

ஆக, இதைச் சோதனை என்று சொல்ல வேண்டுமானால் குறைந்தது சில விஷயங்கள் வேண்டும்:

- புறாவையும் பழத்தையும் வித்தை காட்டுபவர் கொண்டுவரக் கூடாது. வெளியாள் வாங்கி வர வேண்டும்.
- ஒரே மாதிரி பத்துப் பழங்களில் எதை அடிப்பது என்று சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும்.
- அடிக்காத பழங்களையும் வெட்டிப் பார்க்க வேண்டும்.
- பயிற்சியே இல்லாத ஒருவரும் அதே போல ஒரு பழத்தை அடித்துக் காட்ட வேண்டும்.
- அதே புறா இன்னொருவர் கையில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

கடைசி இரண்டும்தான் முக்கியம். சாதாரண ஆள் செய்தாலும் அதே முடிவு வந்தால் அங்கே 'சக்தி'க்கு வேலையில்லை. இதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. படப்பிடிப்புத் தளத்திலேயே அரை மணி நேரத்தில் முடிகிற வேலை.

ஓடு உடைப்பது, கை மேல் கார் ஏற்றுவது எப்படி?

எல்லா வித்தையும் ஒரே ரகம் இல்லை. நம்ம ஊர் கராத்தே பள்ளி ஆண்டு விழாக்களில் பார்க்கும் ஓடு உடைத்தல் நிஜமான ஒன்று. அதற்கு இயற்பியல் விளக்கமும் உண்டு.

1979 ஏப்ரலில் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் கராத்தேயின் இயற்பியல் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் மைக்கேல் ஃபெல்ட், ரொனால்ட் மெக்நேர், ஸ்டீபன் வில்க். இவர்களில் மெக்நேர் கராத்தேயில் கறுப்புப் பட்டை வாங்கியவர், எம்.ஐ.டி.யில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பிறகு விண்வெளி வீரரானார். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்தபோது உயிரிழந்த ஏழு பேரில் அவரும் ஒருவர்.

பயிற்சி பெற்றவரின் கை நொடிக்கு 10 முதல் 14 மீட்டர் வேகத்தில் வரும் என்று அவர்கள் அளந்தார்கள். மணிக்கு 36 முதல் 50 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வேகத்தில் படும் கை, பலகையையோ கான்கிரீட் கட்டியையோ லேசாக வளைக்கிறது. கான்கிரீட்டுக்கு வளைந்து பழக்கம் இல்லை, கொஞ்சம் வளைந்தாலே கீழ்ப்பக்கம் விரிசல் விட்டுவிடும். மனித எலும்போ அதைவிடப் பல மடங்கு அழுத்தம் தாங்கும். தசையும் தோலும் அதிர்ச்சியைப் பகிர்ந்துகொள்ளும். ஆகவே வேகமும் துல்லியமும் இருந்தால் கட்டிதான் உடையும், கை உடையாது. பயந்துபோய் கடைசி நொடியில் வேகத்தைக் குறைப்பவர்களுக்குத்தான் அடிபடும்.

இதிலும் சில தந்திரங்கள் உண்டு. ஓடுகளுக்கு நடுவில் சிறு கட்டைகளை வைத்து இடைவெளி விட்டு அடுக்கினால், உடைந்த ஓடு அடுத்த ஓட்டின் மேல் விழுந்து அதை உடைக்க உதவும். ஒட்டி அடுக்கினால் அத்தனையும் சேர்ந்து ஒரே தடித்த கட்டியாக எதிர்க்கும். பத்து ஓடு உடைத்தார் என்ற எண்ணிக்கையை விட, எப்படி அடுக்கினார்கள் என்பதே முக்கியம்.

கார் ஏற்றும் வித்தையைப் பார்ப்போம். 1,000 கிலோ எடையுள்ள ஒரு காரில் ஒரு சக்கரத்தின் மேல் விழுவது சுமார் 250 கிலோ. அதுவும் ஒரே புள்ளியில் விழுவதில்லை. காற்றடைத்த டயர் தரையில் பதியும் பரப்பு முழுக்க அந்த எடை பரவுகிறது. டயருக்குள் இருக்கும் காற்றழுத்தம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் கிடைக்கும். 30 பி.எஸ்.ஐ. காற்று என்றால் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2 கிலோ. தட்டையாக வைத்த கையின் மேல் சக்கரம் மெதுவாக உருண்டு போய்விட்டால் பலர் தப்பித்துவிடுவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் கையின் அடியில் ஒரு சிறு கல் இருந்தால் போதும், விரலில் மோதிரம் இருந்தால் போதும், டிரைவர் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் போதும். எலும்பு நொறுங்கிவிடும். 'பயிற்சி இருந்தால் ஒன்றும் ஆகாது' என்பது உண்மையில்லை. இங்கே காப்பாற்றுவது பெரும்பாலும் டயரின் இயல்பும் அதிர்ஷ்டமும்தான். குழந்தைகளை வைத்து இதைச் செய்வதும், வீட்டில் முயன்று பார்ப்பதும் கூடவே கூடாது.

தொடாமலே விழவைக்கிறார்களே, அது?

'7ஆம் அறிவு' (2011) படத்தில் வில்லன் பார்வையாலேயே ஆட்களை ஆட்டிவைக்கும் 'நோக்கு வர்மம்' ஞாபகம் இருக்கலாம். சினிமாவில் சரி. நிஜத்தில் அப்படிச் செய்வதாகச் சொன்ன பள்ளிகளும் உண்டு. அவற்றில் இரண்டு, கேமரா முன்னாலேயே சோதனைக்கு ஆளாயின.

ஜப்பானைச் சேர்ந்த யானகி ரியூகென், கையை அசைத்தாலே மாணவர்கள் கூட்டமாகச் சுருண்டு விழும் வீடியோக்களால் பிரபலமானார். தன்னை வெல்ல முடியுமா என்று சவாலும் விட்டார். 2006-ல் இவாகுரா கோ என்ற எம்.எம்.ஏ. வீரர் சவாலை ஏற்றார். தொடாத சக்தி அவரிடம் எடுபடவில்லை. முகத்தில் அடி வாங்கி ரத்தம் வழிய யானகி கீழே விழுந்தார். அவருக்கு அப்போதே வயது அதிகம். அந்த வீடியோவைப் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பை விடப் பரிதாபம்தான் வரும்.

அமெரிக்காவில் ஜார்ஜ் டில்மன் என்ற பிரபல கராத்தே ஆசிரியரின் பள்ளியும் 'தொடாமல் மயங்க வைக்கும்' வித்தையைக் காட்டியது. நேஷனல் ஜியோகிராஃபிக் சேனல் அதைப் படம் பிடிக்கப் போனது. ஆனால் வெறுமனே படம் பிடித்துவிட்டு வரவில்லை. பள்ளியின் மாணவர் அல்லாத ஒருவர் மேலும் முயலச் சொன்னார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு டில்மன் தந்த விளக்கம் இன்றும் கிண்டலாகப் பேசப்படுகிறது. அவர் நம்பிக்கை இல்லாதவராக இருந்தது ஒரு காரணமாம். வாய்க்குள் நாக்கு தவறான இடத்தில் இருந்தாலோ, ஒரு கால் பெருவிரலைத் தூக்கி இன்னொன்றைத் தாழ்த்தியிருந்தாலோ சக்தி வேலை செய்யாதாம்.

ஒரே வித்தை, இரண்டு விதமான டிவி. ஒன்று காட்டிவிட்டு நகர்கிறது. இன்னொன்று "இவர் மேல் செய்து காட்டுங்கள்" என்று ஒரு வரி கூடுதலாகக் கேட்கிறது. வித்தியாசம் அந்த ஒரு வரியில்தான்.

மாணவர்கள் ஏன் விழுகிறார்கள்? நடிப்பா?

பெரும்பாலும் முழு நடிப்பும் இல்லை. பல தற்காப்புக் கலைகளில் விழுவதும் ஒரு பாடம்தான். ஆசிரியர் பிடி போட்டால் எதிர்க்காமல், அடிபடாமல் விழக் கற்றுத்தருவார்கள். ஆண்டுக்கணக்கில் அப்படியே பழகிய உடம்பு, ஆசிரியர் கையை ஓங்கினாலே விழத் தயாராகிவிடும். பக்கத்தில் நிற்பவர்கள் எல்லாரும் விழும்போது தான் மட்டும் நிற்பது குருவுக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றும். எதிர்பார்ப்பு, பழக்கம், மரியாதை மூன்றும் சேர்ந்தால் தள்ளாமலே ஆள் விழுவார்.

இதில் ஆபத்து மாணவர்களுக்கு மட்டும் இல்லை. தினமும் கண்ணெதிரே ஆட்கள் விழுவதைப் பார்க்கும் ஆசிரியரும் தன் சக்தியை நம்பத் தொடங்கிவிடுகிறார். ஏமாற்றுபவர் என்றால் நிஜச் சண்டைக்கு ஒப்புக்கொள்ளவே மாட்டார். யானகியும் வெய் லெய்யும் தாங்களாகவே மேடை ஏறியவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

2020 மே மாதம் இதே கதை மீண்டும் நடந்தது. மா பாவ்குவோ என்ற 69 வயது தை சி ஆசான், ஷாண்டோங் மாகாணத்தின் சிபோ நகரில் தன்னைவிட ஏறக்குறைய 20 வயது இளையவருடன் மோதினார். அரை நிமிடத்துக்குள் மூன்று முறை கீழே விழுந்தார். மூன்றாவது முறை எழவில்லை. அதன் பிறகு அவர் சீன இணையத்தின் மீம் நாயகனாகிவிட்டார். இந்தக் கேலிக்கூத்தை நிறுத்த வேண்டும் என்று ஆளும் கட்சியின் 'மக்கள் நாளிதழ்' எழுதும் அளவுக்குப் போனது.

அதே ஆண்டு ஜூலையில் சீன வூஷு சங்கம், 'மாஸ்டர்', 'மரபின் தலைவர்' போன்ற பட்டங்களைத் தாங்களே சூட்டிக்கொள்ள வேண்டாம் என்று கலைஞர்களைக் கேட்டுக்கொண்டது.

அப்படின்னா தை சி வேஸ்ட்டா?

இல்லை. செங்டுவில் தோற்றவர் வெய் லெய். தை சி என்ற கலை முழுவதும் அல்ல. ஒருவர் ஒரு நாள் ஒரு மோதலில் தோற்றால், அது அந்த ஒருவரின் சண்டைத் திறனைப் பற்றித்தான் சொல்லும்.

தை சி இன்று பெரும்பாலும் சண்டைக்காகப் பயிலப்படுவதும் இல்லை. 1956-லேயே சீன அரசு, பொதுமக்கள் உடல்நலத்துக்காக 24 அசைவுகள் கொண்ட எளிய வடிவம் ஒன்றை உருவாக்கியது. பூங்காக்களில் பெரும்பாலும் நடப்பது அதுதான். வயதானவர்கள் தடுமாறி விழும் அபாயத்தை இந்தப் பயிற்சி குறைக்க உதவுகிறது என்று மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ, மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகள் பட்டியலில் தை சியைச் சேர்த்தது. இத்தனை மதிப்பு உள்ள ஒரு கலைக்கு புறாவும் தர்பூசணியும் எதையும் கூட்டவில்லை. வித்தை அம்பலமானபோது கெட்ட பெயர் மட்டும் கலைக்கு வந்து சேர்ந்தது.

வித்தையே காட்டக் கூடாதா?

தாராளமாகக் காட்டலாம். சீனாவின் சுவான்ஜோ நகரில் உள்ள தெற்கு ஷாலின் கோயில் துறவி ஷி லிலியாங், 2015-ல் தண்ணீர் மேல் 125 மீட்டர் ஓடினார். உலகம் முழுக்க டிவிக்கள் அதைக் காட்டின. பறக்கும் சக்தி எதுவும் அங்கே இல்லை. நீரின் மேல் சுமார் 200 மெல்லிய ஒட்டுப்பலகைகளை வரிசையாகக் கட்டியிருந்தார்கள். பலகை மூழ்கும் முன் அடுத்ததற்குத் தாவ வேண்டும், அவ்வளவுதான். பலகை எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. இருந்தாலும் யாரும் குறைவாக நினைக்கவில்லை. அதற்கு முன் 118 மீட்டர் ஓடியிருந்த அவர், இன்னும் ஏழு மீட்டர் கூடுதலாக ஓடியதுதான் செய்தி.

எப்படிச் செய்கிறோம் என்பதை மறைக்காத வித்தைக்கு மவுசு குறைவதில்லை.

இப்படி ஒரு வீடியோ வந்தால் என்ன கேட்க வேண்டும்?

விடுமுறை வந்தாலே பிள்ளைகளைக் கராத்தே, குங்ஃபூ, சிலம்பம் வகுப்பில் சேர்ப்பது வழக்கம். பள்ளி டிவியில் வந்தது என்பதே பல இடங்களில் விளம்பரமாகிறது. பணம் கட்டும் முன் இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

*இந்த வித்தை எதைக் காட்டுகிறது?* ஓடு உடைந்தால் ஓடு உடைந்தது என்றுதான் அர்த்தம். ஓடு திருப்பி அடிக்காது. வித்தைத் திறன் வேறு, தற்காப்புத் திறன் வேறு.

*விழுபவர் யார்?* அதே பள்ளியின் மாணவர் மட்டுமே விழுகிறார் என்றால், வெளியாள் ஒருவர் மேல் செய்து காட்டச் சொல்லலாம்.

*முடியாமல் போனதற்குக் காரணம் சொல்கிறார்களா?* 'நீங்கள் நம்பவில்லை, அதனால் நடக்கவில்லை' என்ற பதில் வந்தால் உஷார்.

*பிள்ளைகளை வைத்து ஆபத்தான வித்தை செய்கிறார்களா?* வளரும் வயதில் விரல், மணிக்கட்டு எலும்புகளின் நுனியில் வளர்ச்சிப் பகுதி இருக்கும். அங்கே அடிபட்டால் எலும்பின் வளர்ச்சியே பாதிக்கப்படலாம். ஓடு உடைப்பது குழந்தைகளின் பாடமாக இருக்கத் தேவையில்லை.

*அன்றாட வகுப்பில் என்ன நடக்கிறது?* ஆண்டு விழாவை விட ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை வகுப்பைப் போய்ப் பார்ப்பது நல்லது. உடலை முறையாகச் சூடேற்றுகிறார்களா, பாதுகாப்பு உபகரணங்கள் இருக்கின்றனவா, எதிர்த்து நிற்கும் ஆளுடன் பழக விடுகிறார்களா, முதலுதவிப் பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே பள்ளியைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.